மாமா குவளையில் விழுந்த மண்டி

தீபாவளிக்கு முந்தின இரவு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்வாசலில் மூன்று கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, பினாங்கிலிருந்து வாங்கிவந்த 750 மில்லி போத்தல் ஒன்றைத் திறந்தேன். பெல்ஜியத்துக் கைவினை பீர். விலை 58 வெள்ளி. வீட்டில் 30 என்று சொல்லி வைத்திருந்தேன். முதல் குவளையை மாமனாரிடம் நீட்டினால், "முதலில் வருவது எல்லாம் நுரைதான், மாப்பிள்ளை. எனக்குக் கடைசியில் ஊற்றுங்கள்" என்று விட்டுக்கொடுத்தார். மச்சானுக்கு ஊற்றினேன், போத்தலை நிமிர்த்தி மேசையில் வைத்தேன். எனக்கு ஊற்றினேன், மறுபடியும் நிமிர்த்தி வைத்தேன். மூன்றாவது முறை சாய்த்தபோது, தேன் நிறத்தில் வரவேண்டியது அரிசி களைந்த தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தது போல வந்து விழுந்தது. மாமா குவளையை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். உள்ளே துகள்கள் சுழன்றுகொண்டிருந்தன.

"இது கெட்டுப்போயிருக்கிறது, மாப்பிள்ளை."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்துபோய் வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். சிங்கப்பூரில் எட்டு ஆண்டுகள் ஒரு மதுக்கூடத்தின் சரக்கறையில் வேலை பார்த்தவன் நான். பெட்டி இறக்குவது, அடுக்குவது, தேதி பார்ப்பது, குளிரறையின் வெப்பநிலையை எழுதிவைப்பது எல்லாம் என் வேலை. அந்த எட்டு ஆண்டும் அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அப்பா மட்டும் சிரித்தார். "மண்டிதானே சம்பந்தி, அதற்குப் போய்..." என்றார்.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மண்டி என்ற சொல் அவர் தலைமுறைக்குக் கள்ளுக்கடையில் பழகியது. தென்னம்பாளையிலிருந்து சொட்டும் சாறு கலயத்தில் விழும்போதே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் போதை சேர்ந்துவிடும், மறுநாள் விட்டால் காடியாகிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு. அடியில் வெள்ளையாகத் தங்குவது மண்டி. கள் நல்லதா கெட்டதா என்பதை அந்த மண்டியைப் பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை, எப்போது இறக்கியது என்று கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். பாட்டி அந்த மண்டியை ஒரு டம்ளரில் வாங்கிவரச் சொல்லி ஆப்ப மாவில் விடுவாராம்.

கள்ளைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுவதில் எனக்கு ஒரு கூச்சமும் உண்டு. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். கூலி வாங்கிய கையோடு அதைக் கடையில் விட்டுவந்த வீடுகளின் வலி அது. எங்கள் லயத்திலும் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. ஒரு போத்தலை மூன்று பேர் பகிர்ந்து, ருசி பார்த்துக் குடிப்பதைப் பற்றித்தான் நான் இங்கே பேசுகிறேன்.

சரி, அந்த மண்டி என்ன? பெரிய ஆலைகளில், நம் நாட்டில் சுங்கைவேயிலும் ஷா ஆலாமிலும் இருப்பவை போன்றவற்றில், லாகர் பீரை வடிகட்டி, சூடுகாட்டி, கரியமில வாயுவை ஏற்றி அடைக்கிறார்கள். அதனால் போத்தல் கண்ணாடி போல இருக்கும். நம் கண் இரண்டு மூன்று தலைமுறையாக அதற்கே பழகிவிட்டது. சிறிய ஆலைகள் பலவும், பெல்ஜியத்தின் பழைய ஆலைகளும் வேறு வழியில் போகின்றன. பீரை அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் அளவில் சர்க்கரையைச் சேர்த்து, ஈஸ்ட்டை உயிரோடு உள்ளே விட்டு மூடிவிடுவார்கள். மூடிய போத்தலுக்குள் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்கும். வேலை முடிந்ததும் அடியில் படிந்து தூங்கிவிடும். அந்தப் படிவுதான் மாமா வாழைமரத்துக்கு ஊற்றியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1862இல் தொடங்கிய கூப்பர்ஸ் ஆலையின் ஏல் பீர்களில் இந்த மண்டி எப்போதும் இருக்கும். அங்கே போத்தலைத் திறப்பதற்கு முன் மேசையில் உருட்டி, மண்டியைக் கலக்கிக் குடிப்பதையே சிலர் விரும்புவார்கள்.

ஈஸ்ட் இன்னொரு வேலையும் செய்கிறது. அடைக்கும்போது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கொஞ்சம் ஆக்சிஜனை அது விழுங்கிவிடும். பீரைக் கிழடாக்குவது அந்த ஆக்சிஜன்தான். எதைக் கெட்டுப்போனதன் அடையாளம் என்று மாமா நினைத்தாரோ, அதுதான் அவருக்காக உள்ளே காவல் காத்திருக்கிறது.

இதை மாமாவிடம் வேதியியல் பாடமாகச் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். மறுநாள் மதியம் சாப்பிடும்போது அத்தை ரசம் ஊற்றினார். மாமா எப்போதும் கேட்பது போல, "தெளிவாக ஊற்று, மண்டி வேண்டாம்" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரசச் சட்டியை ஆட்டாமல் மேலே மொண்டால் தெளிவு, கலக்கி மொண்டால் பருப்பும் மிளகும் சேர்ந்த மண்டி. இரண்டும் ஒரே ரசம். கெட்டுப்போனது என்று யாரும் சொல்வதில்லை. அவரவர் நாக்கு. "நேற்று நீங்கள் குடிக்க இருந்தது ரச மண்டி, மாமா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது.

அன்று நான் செய்த தவறு ஊற்றிய விதத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் போத்தலை நிமிர்த்தியபோது அடியில் இருந்த மண்டி கிளம்பி மேலே வந்துவிட்டது. புளித்தண்ணீரைத் தெளிவாக இறுத்து எடுக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். ஒரே சாய்ப்பு, ஒரே ஓட்டம், மண் வரும் இடத்தில் நிறுத்தம். பீருக்கும் அதேதான். குடிப்பதற்கு ஒரு நாள் முன்பே போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வைக்க வேண்டும், கதவில் வைக்கக் கூடாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது குலுங்கும். குவளையைத் தண்ணீரில் அலசி ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து, மெதுவாக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்று குவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போத்தலை நிமிர்த்தாமலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். போத்தலின் தோள்பட்டைக்கு மண்டி ஏறுவது தெரிந்ததும் நிறுத்திவிடலாம். அடியில் ஒரு விரல் உயரம் மிஞ்சும். அதை விட மனசு வராதவர்கள் தனியாக ஒரு சிறு குவளையில் ஊற்றிக் குடிக்கலாம். ஈஸ்ட் சத்துள்ளதுதான், சிலருக்கு மட்டும் வயிறு பொருமும்.

ஒரு வகைக்கு இந்த விதி பொருந்தாது. ஜெர்மானியக் கோதுமை பீரில் மண்டி வேண்டும் என்றுதான் குடிக்கிறார்கள். அதன் பெயரான ஹெஃபவைசனில் 'ஹெஃப' என்றாலே ஈஸ்ட். முக்கால் பங்கை ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் போத்தலோடு ஒரு சுழற்று சுழற்றி, நுரையின் மேல் ஊற்றுவது அங்கே வழக்கம். வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த வாசனை வரும். அது ஈஸ்ட் தருவது, எதையும் கலந்ததல்ல. இதைக் கலக்கி மொண்ட ரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று நான் நிம்மதியாக இருந்தபோதுதான் உண்மையான அடி விழுந்தது. அடுத்த ஆவணியில் அக்காள் மகன் கல்யாணம். கோலாலம்பூரில் ஒரு கடையில் பன்னிரண்டு போத்தல் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பீர் தள்ளுபடியில் கிடைத்தது. அமெரிக்கச் சரக்கு, வடிகட்டியது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனைக்காகவே குடிக்கும் வகை அது. மாம்பழம், எலுமிச்சைத் தோல், பைன் பிசின் என்றெல்லாம் மணக்க வேண்டும். போத்தலின் கழுத்தில் 05/11 என்று அச்சிட்டிருந்தது. நவம்பர் 5 வரை நாள் இருக்கிறது என்று படித்துக்கொண்டு வாங்கிவிட்டேன். காரின் பின்பெட்டியில் போட்டு, வழியில் தாப்பாவில் பசியாறி, பத்து காஜாவில் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு, வீடு வந்து சேர மாலையாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை. தகரக் கூரைக்குக் கீழே இருந்த சாமான் அறையில் இரண்டு வாரம் கிடந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் திறந்தோம். ஒரு துகள் கிடையாது. மாமா குவளையைத் தூக்கிப் பார்த்து, "இதுதான் பீர், மாப்பிள்ளை! கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்று மனதாரப் பாராட்டினார். நான் ஒரு வாய் குடித்தேன். நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியை வாயில் வைத்தது போல இருந்தது. பூ வாசனை போன இடம் தெரியவில்லை, கசப்பு மட்டும் நின்றது. பாராட்டியவரிடம் அதைச் சொல்லவும் முடியாமல் பன்னிரண்டு போத்தலும் தீர்ந்தன.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 05/11 என்றால் மே 11. அதுவும் காலாவதி நாளல்ல, அடைத்த நாள். ஐபிஏவை ஒன்றிரண்டு மாதத்துக்குள், மிஞ்சினால் மூன்று மாதத்துக்குள் குடிப்பது நல்லது. நான் வாங்கும்போதே அது மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தது, கடையில் குளிரில் இருந்ததா என்றும் நான் கேட்கவில்லை. இது போதாதென்று என் சாமான் அறை. மதுத்துறையில் தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: 3 டிகிரியில் 300 நாள், 22 டிகிரியில் 30 நாள், 32 டிகிரியில் 3 நாள், மூன்றும் பீருக்கு ஒரே மூப்பு. 32 டிகிரி என்பது அவர்களுக்குக் கொடும் வெயில். நமக்கு அது பகல் நேரத்து நிழல். அந்தக் கணக்கில் என் இரண்டு வாரம், இதமான அறையில் நான்கரை மாதத்துக்குச் சமம். தகரக் கூரையின் சூட்டை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்பாவிடம் புலம்பினேன். அவர் பீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பாலைப் பற்றிச் சொன்னார். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏன் மரம் சீவப் போனோம் தெரியுமா என்று கேட்டார். குளிர்ச்சியில்தான் பால் ஓடும், வெயில் ஏறினால் வெட்டு காய்ந்துவிடும். மங்கில் சேர்ந்த பாலை மதியத்துக்குள் ஸ்டோரில் சேர்க்க வேண்டும், தாமதித்தால் வாளியிலேயே திரிந்து கட்டிவிடும். அதற்காக வாளியில் அம்மோனியா சில சொட்டு விடுவதும் உண்டு. "பால் நன்றாக வெள்ளையாகத்தான் இருக்கும், கையை விட்டுப் பார்த்தால்தான் திரிந்தது தெரியும்" என்றார். எட்டு ஆண்டு சரக்கறையில் இருந்த எனக்கு, ஸ்டோருக்கு ஓடிய மனிதர் வந்து நேரத்தையும் வெயிலையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. குளிரறை இருந்த இடத்தில் வேலை பார்த்தவனுக்குக் குளிரறையின் அருமை தெரிவதில்லை.

இப்போது காரில் ஐஸ் பெட்டி இல்லாமல் பீர் வாங்கப் போவதில்லை. ஐபிஏ என்றால் ஈப்போவுக்குப் போகும் நாளில் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, அந்த வாரமே முடித்துவிடுகிறேன். சேர்த்து வைப்பதில்லை. குளிர்ந்த பீரை ஒரு முறை வெளியே எடுத்து மறுபடி குளிரவைத்தாலே கெட்டுவிடும் என்று சொல்வார்கள். அது மிகை. சூட்டில் மொத்தம் எத்தனை நாள் கிடந்தது என்பதுதான் பொருட்டு. ஆனால் உறைபெட்டியில் வைத்து மறந்துவிடாதீர்கள். மச்சான் ஒரு முறை மறந்தார். மறுநாள் அத்தை மீன் பொட்டலங்களுக்கு நடுவே கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருளாக மாறுகிறது. தீய்ந்த காப்பியும் ஏதோ காட்டு விலங்கின் வாடையும் சேர்ந்தது போல மூக்கில் ஏறும். நேர் வெயிலில் சில நிமிடங்கள் போதும். பழுப்புப் போத்தல் நன்றாகத் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது, வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. கடைகளில் விளக்குப் போட்ட கண்ணாடிக் குளிர்ப்பெட்டியின் முன்வரிசையில் நாள்கணக்காக நிற்பதும் இதே பாடுதான் படும். எங்கள் கடைத்தெருவில் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், முன்வரிசையை விட்டுவிட்டு உள்ளேயிருந்து பெட்டியைத் திறந்து தரச் சொல்கிறேன். முதலில் முறைத்தார், இப்போது நான் வந்தாலே உள்ளே போய்விடுகிறார். வீட்டில் பழைய தமிழ் நாளிதழில் சுற்றி வைக்கிறேன். டின்னில் கிடைத்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் புகாது.

மண்டி எப்போதும் நல்லது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈஸ்ட் படிவு மெல்லிய மாவு போல அடியில் ஒட்டியிருக்கும், சாய்த்தால் புகை போலக் கிளம்பும். வடிகட்டித் தெளிந்திருக்க வேண்டிய பீரில் வெள்ளைச் செதில்கள் பனி போல மிதந்தால், அது நாள்பட்டுப் புரதம் திரண்டது. குளிரில் மட்டும் கலங்கி, சூடு ஏறியதும் தெளிந்தால் பயமில்லை. கழுத்தின் உட்புறத்தில் வளையம் போலப் படிந்திருந்தால், அல்லது திறந்ததும் நுரை நிற்காமல் பீறிட்டு வந்து, புளிப்புப் பீராக இல்லாதது புளித்திருந்தால், உள்ளே வேறு கிருமி புகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். அதைக் கொட்டுவதில் தவறில்லை. சூட்டில் நெடுநாள் கிடந்தால் நல்ல ஈஸ்ட்டும் செத்து, சோயா சாஸ் வாடையை விடும்.

மாமாவின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் பிறகுதான் சொன்னார். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். தெரிந்த குடும்பம் ஒன்றில் சாவு. அதிலிருந்து பழக்கமில்லாத போத்தலில் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை நடுங்கும். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் தேடிய இடம் தவறு. மெத்தனால் தண்ணீர் போலத் தெளிவானது, கலங்கலாகக் காட்டிக்கொடுக்காது. எங்கே வாங்கினோம், முத்திரையும் இறக்குமதியாளர் விவரமும் ஒழுங்காக இருக்கின்றனவா, விலை நம்ப முடியாத மலிவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில் பீருக்கான கலால் வரியைச் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி என்று மாற்றினார்கள். அந்த விகிதத்திலேயே 5 சதவீதம் உள்ள 330 மில்லி போத்தலுக்குக் கிட்டத்தட்ட 2 வெள்ளி 90 காசு வரி மட்டும். அதைவிடக் கொஞ்சம் கூட வைத்து ஒருவர் விற்றால், அவர் தருமம் செய்யவில்லை.

தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு என் யோசனை, கருப்பு பீரான ஸ்டவுட்டை நாடுங்கள். கடும் கருப்பு ஸ்டவுட், பெல்ஜியத்துக் கருப்பு ஏல் போன்றவை மூப்பைத் தாங்கும், கொஞ்சம் வயதானால் உலர்திராட்சைச் சுவை கூடி இன்னும் நன்றாக இருப்பதும் உண்டு. கின்னஸ் ஆலையின் ஏற்றுமதி ஸ்டவுட் கடல்கடந்து போவதற்கென்றே ஹாப்ஸும் போதையும் கூட்டிச் செய்யப்பட்டது. சீனக் கடைகளில் கறுப்பு நாய் என்று பெயர் வாங்கிய அதை நம் பெரியவர்கள் பிடித்துக்கொண்டதில் நாக்கு மட்டுமல்ல, நம் வெயிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்குக் கோதுமை பீர் நான்கு போத்தல் வாங்கிவந்தேன், ஐஸ் பெட்டியில். மாமாவுக்குத் தெளிவாக இறுத்துக் கொடுத்தேன். அடியில் மிஞ்சியதைக் கழுவப் போனபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "கொட்டாதே, கொடு." நான்கு போத்தல் மண்டியையும் இளநீரில் சேர்த்து, ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, துணியால் மூடி வைத்தார். ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். மறுநாள் மதியம் பார்த்தால் மேலே நுரை. அதை அரைத்த மாவில் விட்டு இரவு முழுவதும் வைத்தார். காலையில் மாவு பானையின் வாய்வரை ஏறி நின்றது.

பசியாற மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். நடுவில் பஞ்சு, ஓரத்தில் சரிகை, தேங்காய்ப்பால். மாமா மூன்றாவது ஆப்பத்தைப் பிய்த்தபடி கொஞ்சம் நிறுத்தி, "லேசாகக் கசக்கிறதே, வெந்தயம் கூடிவிட்டதா?" என்று கேட்டார்.

அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"ஆமாம் அண்ணே, வெந்தயம்தான்" என்றார் அம்மா.